சொந்தக்காரர் இல்லாத நிரல்

எதீரியம் என்ற மின்பண வலையமைப்பின் கணக்கேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்களுக்கு ஒரு தடவை சம்பளம் அனுப்பியவருக்கு உங்கள் முகவரி தெரியும். முகவரி தெரிந்தால் கையிருப்பு தெரியும், போன வாரம் எங்கே எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதும் தெரியும். இதை மறைக்க 2019-ல் பிறந்ததுதான் டொர்னாடோ கேஷ் என்ற நிரல். உருவாக்கியவர்கள் ரோமன் ஸ்டார்ம், அலெக்ஸி பெர்ட்செவ், ரோமன் செமனோவ்.

எதீரியத்தின் நாணயமான ஈத்தரை 0.1, 1, 10, 100 என நாலே அளவுகளில் இதில் போடலாம். எல்லோரும் ஒரே மதிப்பு நோட்டைப் போட்ட உண்டியலில் எது யாருடையது என்று எப்படிச் சொல்வது? போட்டவர் கையில் நீளமான இரகசியச் சரம் ஒன்று மிஞ்சும். சில வாரம் கழித்து, புது முகவரி ஒன்றுக்கு அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். சரத்தைக் காட்ட வேண்டியதுகூட இல்லை; அது தன்னிடம் இருக்கிறது என்று கணிதத்தால் நிரூபித்தால் போதும். சரம் தொலைந்தால் பணமும் போச்சு. எழுதியவர்களிடம் போய் அழுதாலும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

முடியாதபடி அவர்களே செய்துகொண்டார்கள். 2020 மே மாதம், 1,114 பேர் பங்கேற்ற ஒரு கணித ஏற்பாடு முடிந்ததும், நிரலை மாற்றும் அதிகாரத்தைக் கைவிட்டார்கள். அதன் பிறகு அதை நிறுத்த யாராலும் ஆகாது. பின்னால் நடந்த வழக்கெல்லாம் இந்த ஒரு காரியத்தைச் சுற்றித்தான்.

2022 மார்ச்சில் ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டுக்கும் எதீரியத்துக்கும் இடையே பணத்தைக் கடத்தும் ரோனின் பாலத்திலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் களவு போனது. வட கொரியாவின் லாசரஸ் கும்பலின் வேலை என்றது எஃப்.பி.ஐ. அதில் பெரும்பங்கு இந்த உண்டியல் வழியாகப் போனது. ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்கக் கருவூலத் துறை, ஆட்களையும் நிறுவனங்களையும் சேர்க்கும் தடைப்பட்டியலில் நிரலின் முகவரிகளைச் சேர்த்தது; அமெரிக்கர்கள் அதோடு எந்தப் பரிமாற்றமும் வைக்கக்கூடாது என்றானது. யாரோ ஒரு குறும்பர் அதே நிரல் வழியாகப் பிரபலங்களுக்கு 0.1 ஈத்தர் அனுப்பிவைத்தார். வேண்டாம் என்று தடுக்க வழியில்லாததால் பெற்றவர்களும் தடையை மீறியவர்கள்போல ஆனார்கள். உக்ரைனுக்கு நன்கொடை தர தானும் இதைப் பயன்படுத்தியதாக எதீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின் வெளிப்படையாகவே சொன்னார். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் இந்த நிரலை நீக்கியது. பேராசிரியர் மேத்யூ கிரீன் பாடத்துக்கு வேண்டும் என்று மறுபடி ஏற்றினார்.

நிரலுக்கு விலங்கு மாட்ட முடியாது. ஆகஸ்ட் 10 அன்று ஆம்ஸ்டர்டாமில் பெர்ட்செவ் கைதானார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஸ்டார்ம். செமனோவ்மீதும் குற்றச்சாட்டு உண்டு, ஆள் சிக்கவில்லை.

2024 மேயில் டச்சு நீதிமன்றம் பெர்ட்செவுக்கு 64 மாதச் சிறை விதித்தது. தடுக்க முடியாதபடி கட்டியது நீங்கள்தானே, பிறகு தடுக்க முடியவில்லை என்பது எப்படிச் சாக்காகும் என்பது அதன் நிலை. பணத்தைப் பறிகொடுத்தவர் பக்கம் நின்று பார்த்தால் அதை எளிதில் தள்ள முடியவில்லை. ஆறே மாதத்தில், நியூ ஆர்லியன்ஸில் இயங்கும் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், யாராலும் மாற்ற முடியாத நிரல் யாருடைய சொத்தும் அல்ல, ஆகவே தடைப்பட்டியலில் அதற்கு இடமில்லை என்றது. எனக்கு இதுவே சட்டத்தை ஒழுங்காக வாசித்த தீர்ப்பாகப் படுகிறது. 2025 மார்ச்சில் கருவூலத் துறை தடையை விலக்கியது.

நிரல் விடுபட்டது, எழுதியவர்கள் விடுபடவில்லை. பெர்ட்செவ் அந்தப் பிப்ரவரியில்தான் மின்னணுக் கண்காணிப்போடு, மேல்முறையீட்டுக்குத் தயாராக, வெளியே வந்திருந்தார். ஆகஸ்டில் நியூயார்க் ஜூரி, உரிமமின்றிப் பணப்பரிமாற்றத் தொழில் நடத்தச் சதி செய்ததாக ஸ்டார்மைக் குற்றவாளி என்றது. பணச்சலவை, தடைமீறல் ஆகிய மற்ற இரண்டு குற்றச்சாட்டுகளில் ஜூரிக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை.