பொட்டும் புகலிடமும்

மஞ்சள் தோய்த்த சரட்டில் கோத்த ஒரு சிறு பொன்வில்லைக்கே நம் முன்னோர் பொட்டு என்று பெயரிட்டிருந்தனர். தாலியைப் போலவே கழுத்தில் ஏறியதாயினும் அதற்கு மானிட மணவாளன் இல்லை. கோயில் மூர்த்தியின் பெயரால் பிறர் கட்டிய அச்சரடு, பூப்பெய்தாத ஒரு சிறுமியின் ஆயுள் முழுவதையும் அவளைக் கேளாமலே நிர்ணயித்துவிட்டது.

இவ்வழக்கத்தைப் பக்தியைக் கொண்டு மட்டும் விளங்கிக்கொள்ள முயன்றவர்கள் அதன் வேரைக் காணவில்லை. வேர் நிலத்தில் இருந்தது. கோயில் கைங்கரியத்துக்கு ஈடாகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானியமாக விடப்பட்ட நன்செய், அக்கைங்கரியம் தொடரும் வரையில்தான் அவர்களுடையது. ஆகவே ஒரு தலைமுறையில் பொட்டுக் கட்டிய பெண் இல்லாது போனால் நிலமும் போய்விடும் என்ற அச்சம் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது. மகள் இல்லாத வீட்டில் வேறொரு குழந்தையைத் தத்தெடுத்தாவது அந்த ஸ்தானத்தை நிரப்பவேண்டியிருந்தது. தன் குழந்தைக்குப் பொட்டுக் கட்டிய தாய்மார் அனைவரும் ஈரமற்றவர்கள் அல்லர். அரைக்காணி நிலத்துக்கும் குழந்தைக்கும் இடையே அவர்களை நிறுத்தி வைத்த ஏற்பாடே கொடியது என்பது என் துணிபு.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதைப் புத்தகத்தில் படித்து அறிந்தவரல்லர். அவருடைய தாயார் சந்திரம்மாள் அந்தக் குலத்திலேயே தோன்றியவர். 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகவும் உபதலைவராகவும் அமர்ந்த அவர், 1927-ல் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கவேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலான தேவதாசிப் பெண்மணிகளே அதை எதிர்த்து விண்ணப்பம் எழுதினார்கள். தங்கள் கலையும் ஜீவனோபாயமும் பறிபோகுமென்ற அவர்களது கலக்கம் வெறும் பிடிவாதமன்று. அக்கலக்கத்தில் ஒரு பாதிக்கு விடையாக 1929-ம் ஆண்டுச் சட்டம் அமைந்தது: மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து பிரித்து, ஊழியம் செய்யாமலே நிலத்தை அனுபவிக்க அது வழி செய்தது. குழந்தையின் கழுத்தையும் வயல் வரப்பையும் பிணைத்திருந்த முடிச்சு அங்கேதான் முதலில் அவிழ்ந்தது.

ஆனால் முடிச்சு அவிழ்ந்த பெண் எங்கே போவாள்? 1930-ல், காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியைத் துறந்த அதே ஆண்டில், இக்கேள்வி அவருடைய வீட்டு வாசலுக்கே நடந்து வந்தது. பொட்டுக்குத் தப்பிப் படிக்க விரும்பிய தேவதாசிக் குலத்துச் சிறுமியர் சிலர் அவரிடம் அடைக்கலம் கேட்டு நின்றார்கள். நகரத்து மாணவியர் விடுதிகள் அவர்களது பிறப்பைக் காரணமாகக் கொண்டு சேர்க்க மறுத்துவிட்டன. சீர்திருத்தத்தை மேடையில் வரவேற்ற ஊர், சீர்திருந்தி வந்த குழந்தைக்கு ஒரு பாய் விரிக்க மனம் கொள்ளவில்லை. அவர் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுவே ஔவை இல்லம். விவாக பந்தம் வேண்டாமென்று விநாயகரிடம் முதுமையை வரமாகக் கேட்டாள் என்று ஐதிகம் கூறும் ஔவையின் பெயரை அதற்கு இட்டது எவ்வளவு பொருத்தம்! எவருக்கும் உடைமையாகாமல் கல்வியாலேயே மதிக்கப்பட்ட பெண் என்று சொல்ல நம் மரபில் அதைவிட நல்ல பெயர் எது? நாளடைவில் அநாதைக் குழந்தைகளும் ஆதரவற்ற பெண்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அடையாறு பெசன்ட் அவென்யூவில் அந்த ஸ்தாபனம் பள்ளிகளோடு வேரூன்றியது.

பிற்கால ஆராய்ச்சியாளர்கள் இவ்வரலாற்றை அவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. 1985-ல் அம்ரித் ஸ்ரீநிவாசன் எழுதிய ஆய்வு, சீர்திருத்தம் தேவதாசியை ஆட்டத்திலிருந்து விலக்கிய அதே காலத்தில் அவளது ஆட்டம் பிற குலத்தாரின் மேடையில் புத்துயிர் பெற்றதை எடுத்துக்காட்டியது. ச. ஆனந்தி 1991-ல் எழுதிய கட்டுரை, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ல் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை’ நாவலை ஆராய்ந்து, அக்குலத்துள் வளர்ந்த ஒருத்தியின் குரலே சீர்திருத்தவாதிகளின் குரலினும் தீவிரமாக ஒலித்ததை நமக்கு நினைவூட்டியது. இவ்வாராய்ச்சிகளை நான் வணங்கி ஏற்கிறேன். கலை இழந்தவர்களுக்கு நாம் செய்த அநீதி மறைக்கத்தக்கதன்று. எனினும் ஏட்டில் கணக்கிடும்போது, கலையையும் சொத்தையும் வைத்த தட்டுக்கு எதிர்த்தட்டில், விடுதி வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட அச்சிறுமியையும் வைக்கவேண்டும் என்று மன்றாடிக் கேட்பேன்.

பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கிய சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேற 1947 வரை காக்கவேண்டியிருந்தது. அப்போது ஔவை இல்லத்துக்கு வயது பதினேழு. அதன் படியை முதன்முதலில் ஏறிய சிறுமிகள் அதற்குள் சிறுமிகளாயிருக்கும் பருவத்தையே கடந்துவிட்டிருந்தார்கள்.