அயர்லாந்து மக்கள் இசையைக் காத்த வரலாறு



ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் கடல் சூழ்ந்த தீவு அயர்லாந்து. அதன் பழைய இசைக்கு ஏடு கிடையாது. குரு வாசிப்பார், சீடன் காதால் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்வான். வாசிப்பவர் கண்ணை மூடினால் பாட்டும் அவரோடு போய்விடும்.

அந்நாட்டு யாழுக்கு ஹார்ப் என்று பெயர். அதை வாசித்தோருக்குச் சோறு போட்டவர்கள் பழைய குலத் தலைவர்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அவர்களுடைய நிலங்களைப் பறித்தனர். ஆதரிப்பார் இல்லாமல் கலை தேய்ந்தது. 1792 ஜூலையில் பெல்பாஸ்ட் நகரப் பெரியவர்கள் சிலர் விழாக் கூட்டி, யாழ்க் கலைஞர்களை அழைத்தனர். வந்த ஐரிஷ்காரர்கள் 10 பேர்தாம்! அவர்களில் 6 பேர் கண் பார்வையற்றோர். டெனிஸ் ஹெம்சன் என்ற முதியவர் 90 வயதைத் தாண்டியவர். நீண்ட நகங்களால் உலோகத் தந்திகளை மீட்டினார். கேட்டு எழுதியவர் 19 வயது இளைஞர் எட்வர்டு பண்டிங். விழா முடிந்த பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகப் போய் மெட்டுகளைச் சேர்த்தார். மூன்று தொகுதிகளாக அச்சிட்டார். கடைசித் தொகுதி 1840இல் வந்தது.

ஐந்தே ஆண்டில் பெரும் பஞ்சம்! 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் அன்றாட உணவு. சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அதற்கு மேற்பட்டோர் கப்பலேறினர். வயிற்றுப்பாடே பெரும்பாடாக இருக்கையில் பாட்டு எதற்கு என்று நமக்குத் தோணும். அவர்களோ போன இடமெல்லாம் மெட்டுகளை மனசில் கொண்டு போனார்கள்.

கார்க் வட்டாரத்தில் 1848இல் பிறந்த பிரான்சிஸ் ஓநீல், அமெரிக்காவின் சிகாகோ நகரில் போலீஸ்காரராகச் சேர்ந்து, 1901இல் போலீஸ் தலைவரானார். தமக்குத் தெரிந்த மெட்டுகளை அவர் வாசித்துக் காட்ட, இசைக் குறிப்பு அறிந்த ஜேம்ஸ் ஓநீல் என்ற இன்னொரு போலீஸ்காரர் எழுதினார். 1903இல் வெளிவந்த அவர்கள் நூலில் 1,850 மெட்டுகள்!

ஏட்டில் ஏறினால் மட்டும் போதுமா? பிள்ளைகள் கையில் ஏற வேண்டாமா? 1951இல் மல்லிங்கார் நகரில் இசைக் கலைஞர்கள் சிலர் ‘கோல்டஸ்’ எனும் சங்கத்தைத் தொடங்கினர். அதே ஆண்டு அங்கே இசை விழாவும் நடத்தினர். இன்றும் அச்சங்கத்தின் கிளைகளில் பிள்ளைகள் பிடிலும் குழலும் யாழும் கற்கிறார்கள். பெருவிழாவில் 12 வயதுக்குட்பட்டோருக்குத் தனிப் போட்டியே உண்டு. முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் ஐரிஷ் பைக்குழலை 2017இலும், யாழை 2019இலும் யுனெஸ்கோ தன் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

கண் தெரியாத கிழவர்கள், ஓர் இளைஞர், இரண்டு போலீஸ்காரர்கள், பிழைப்புத் தேடிப் போன ஏழைகள் — இவர்கள் காத்த இசை அது. மாணவர்களே, வீட்டில் பாட்டி ஒரு பழைய பாட்டைப் பாடினால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எழுதியதைத் தம்பி தங்கைக்கும் பாடிக் காட்டுங்கள்.