உழைத்த தோளும் உட்கார இடமும்

மாட்டிறைச்சியில் தோள்பட்டைப் பகுதி விலை மலிவானது. காரணம் என்ன? அது கடினமானது. ஏன் கடினமானது? ஓய்வறியாமல் உழைத்த தசை அது! உடற்சுமையைத் தாங்கி, எடுத்து வைக்கும் அடிதோறும் அசைந்து, நார் இறுகிப்போன தசை. உழைக்காத தசைதான் மென்மையானது. செல்வர் வீட்டுத் தட்டை அடைந்ததும் அதுவே.

அந்த உழைத்த தசையை அவசர நெருப்பால் வெல்ல முடியாது. 110 முதல் 120 பாகை வெப்பத்தில், விறகுப் புகை சூழ, எட்டு மணி நேரத்திற்கு மேலும் காத்திருக்க வேண்டும். கறியின் உட்புறம் 95 பாகையை நெருங்கும்போது, தசைகளைப் பிணைத்திருக்கும் கொலாஜன் என்னும் நார்ப்பொருள் குழைந்து ஜெலட்டினாகிறது. விரல் பட்டால் பிரிந்து வருகிறது. இடையிலே, 70 பாகையை ஒட்டி, மணிக்கணக்கில் வெப்பம் ஏறாமல் நின்றுவிடும். சமைப்பவன் திகைப்பான். மாயமில்லை, மந்திரமில்லை! வியர்வை நம் உடலைக் குளிர்விப்பதுபோல, கறியின் ஈரம் ஆவியாகி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. ஈரம் குறைந்ததும் வெப்பம் மீண்டும் ஏறும்.

இந்தப் பொறுமைக் கலையைக் கற்றுத் தந்தோர் யார்? கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள், மரக்கழிச் சட்டத்தின்மேல் ஊனை வைத்துப் புகையூட்டினர். அவர்கள் சொல்லை ‘பார்பக்கோவா’ என்று ஸ்பானியர் எழுதி வைத்தனர். அதுவே இன்றைய ‘பார்பெக்யூ’. 1492-இல் கொலம்பசு வந்தான். 1493-இல் அவன் கப்பல்களில் மாடுகள் வந்தன. மாடுகள் பெருகின, கொடுமையாலும் கொள்ளை நோயாலும் தைனோ மக்கள் அருகினர். சொல் வாழ்ந்தது, சொன்னவர் வாழவில்லை.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இக்கலை கறுப்பின அடிமைகளின் கைக்கு வந்தது. பள்ளம் தோண்டியவர் அவர்கள். விறகு பிளந்தவர் அவர்கள். இரவெல்லாம் கண் விழித்துத் தணல் காத்தவர் அவர்கள். ஜூலை 4, நாட்டின் விடுதலைத் திருநாள். அந்த விருந்தையும் விடுதலையற்ற கைகளே சமைத்தன! உண்டவர் உரிமையைப் பற்றி உரத்துப் பேசினர். சமைத்தவர் கேட்டு நின்றனர்.

1863 சனவரி முதல் நாள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. டெக்சாசு மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் அது அறிவிக்கப்பட்டதோ 1865 ஜூன் 19-ஆம் நாள்! அடுத்த ஆண்டு முதல் அந்நாளைக் கொண்டாடத் தொடங்கியவர்கள் மீண்டும் தணல் மூட்டினர், இம்முறை தமக்காக. கூடிக் களிக்கப் பொது இடம் எளிதில் கிட்டாத நிலையில், 1872-இல் ஹூஸ்டனில் பணம் திரட்டிப் பத்து ஏக்கர் நிலத்தைத் தாமே வாங்கினர். அந்த விடுதலைப் பூங்கா இன்றும் இருக்கிறது. 2021-இல் அந்நாள் நாடு முழுமைக்கும் விடுமுறை நாளாயிற்று.

ஆனால், அடிமை விலங்கு அறுந்ததும் உணவு மேசை பொதுவாகிவிட்டதா? அலபாமா மாநிலம் பர்மிங்காமில் ‘ஒல்லிஸ் பார்பெக்யூ’ என்றோர் உணவகம். 220 பேர் அமரலாம். பணியாளர் 36 பேரில் மூன்றில் இருவர் கறுப்பினத்தார். எனினும் 1927-இல் தொடங்கிய நாள் முதலாக, கறுப்பினத்தார் பொட்டலம் வாங்கிப் போகலாமே தவிர, உள்ளே உட்கார்ந்து உண்ண முடியாது. அங்கே உழைக்கலாம், காசு கொடுக்கலாம். அமர்தல் மட்டும் குற்றம்!

1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. உணவக உரிமையாளர் வழக்காடினார். அவ்வாண்டு திசம்பர் 14-ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை நிலைநாட்டியது. எதைக் கொண்டு? உணவகம் ஓராண்டில் வாங்கிய ஏறத்தாழ 1,50,000 டாலர் உணவுப்பொருளில் 46 விழுக்காடு, வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கு உண்டு. ஆகவே சட்டம் செல்லும் என்றது தீர்ப்பு.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மனிதன் மனிதனாக இருந்தது அந்தக் கதவைத் திறக்கப் போதவில்லை. இறைச்சி எல்லை கடந்து வந்திருக்க வேண்டியிருந்தது. கதவு திறந்ததில் மகிழ்வோம். எதைச் சொல்லித் திறக்க நேர்ந்தது என்பதையும் மறவாதிருப்போம்.