வண்ண நீர் அல்லது ஆட்டு இரத்தம்: நாப்கினின் உறிஞ்சுதிறன் அளக்கப்பட்ட வரலாறு

இன்றைய இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முன்னோடி நிறுவனம் 1980இல் சானிட்டரி நாப்கினுக்கான தரவரையறையை வெளியிட்டது. ஐ.எஸ். 5405 என்பது அதன் எண். உறிஞ்சுதிறன் பற்றி அது விதித்த சோதனை எளிமையானது. நாப்கினின் நடுப்பகுதியில் நிமிடத்துக்கு 15 மி.லி. வீதம் 30 மி.லி. திரவத்தை விட வேண்டும். அதன்மேல் ஒரு கிலோ எடையை ஒரு நிமிடம் வைக்க வேண்டும். அடியிலோ பக்கங்களிலோ கசிவு தென்படலாகாது. அந்தத் திரவம் எது என்ற இடத்தில்தான் வரலாற்று மாணவர் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. வண்ண நீர், அல்லது உறையாமலிருக்க ஆக்சலேட் சேர்த்த செம்மறி அல்லது வெள்ளாட்டு இரத்தம், அல்லது சோதனைத் திரவம் என்கிறது விதி.

இந்த ‘அல்லது’ சாதாரணச் சொல் அன்று. தண்ணீரும் இரத்தமும் ஒன்றுக்கொன்று மாற்று என்று ஓர் அரசு ஆவணம் ஏற்றுக்கொள்ளும் இடம் அது. 2019இல் தரவரையறை திருத்தப்படும் வரை 39 ஆண்டுகள் இந்த ‘அல்லது’ நடைமுறையில் இருந்தது. வண்ண நீரைச் சோதனைக் கூடத்திலேயே கலக்கிக்கொள்ளலாம். ஆட்டு இரத்தத்துக்கு இறைச்சிக் கூடம் வரை ஆள் அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் விதி இடமளித்தால் எது கையாளப்படும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

விதியின் எண்களும் கவனத்துக்குரியவை. உடல்நலமுள்ள ஒரு பெண் ஒரு மாதவிடாய்ச் சுற்று முழுவதிலும் இழக்கும் இரத்தம் ஏறத்தாழ 30 முதல் 40 மி.லி. வரை. பல நாள்களில் சிறிது சிறிதாக வெளியேறும் அளவை இரண்டே நிமிடங்களில் ஒரே புள்ளியில் கொட்டிப் பார்க்கிறது இச்சோதனை. வேகத்தைப் பொறுத்தவரை இது மிகக் கடுமையானது. நீரைத் தேர்ந்தெடுத்தால் திரவத்தைப் பொறுத்தவரை மிக எளிதானது. கடுமையும் சலுகையும் ஒரே விதிக்குள் அமைந்தது எப்படி என்பதை அறிய, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நாப்கினின் பிறப்புவரை பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

முதல் உலகப் போருக்குச் சற்று முன், 1914இல், அமெரிக்காவின் கிம்பர்லி-கிளார்க் காகித நிறுவனத்தைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் மாலரும் ஜேம்ஸ் கிம்பர்லியும் ஐரோப்பிய ஆலைகளைப் பார்வையிட்டனர். மரக்கூழிலிருந்து செய்யப்பட்ட மென்தாள் அடுக்கு ஒன்றை அங்கே கண்டனர். அதைத் தழுவி உருவாக்கப்பட்ட ‘செல்லுகாட்டன்’ பருத்தியைவிட மலிவானது. அதைவிடப் பன்மடங்கு உறிஞ்சக்கூடியது. போர்க்காலத்தில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அது காயக் கட்டுகளாக மருத்துவமனைகளுக்குச் சென்றது. செவிலியர் அதை மாதவிடாய்க்கும் பயன்படுத்திக்கொண்டனர். போர் முடிந்ததும் ஆலையில் பொருள் மிஞ்சியது, கேட்பார் இல்லை. 1920இல் அது ‘கோடெக்ஸ்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஆக, முதலில் வெற்றிபெற்ற வணிக நாப்கினின் மூலப்பொருள் இரத்தத்தை உறிஞ்சுவதற்கென்றே களத்தில் தேறியது. இரத்தமே அதன் முதல் சோதனைத் திரவம். சோதித்த செவிலியர் எவரும் அறிக்கை எழுதவில்லை என்பது மட்டுமே குறை.

அறிக்கை எழுதியவர் லில்லியன் கில்பிரத். தொழிற்பொறியியலிலும் உளவியலிலும் பயிற்சி பெற்ற அவர், ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்துக்காக 1927இல் ஓர் ஆய்வை முடித்தளித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விடைகளைத் திரட்டி, சந்தையிலிருந்த நாப்கின்கள் தேவைக்கு மேல் நீளமாகவும் தடிப்பாகவும் விறைப்பான முனைகளோடும் இருப்பதைக் காட்டினார். உறிஞ்சுதிறன் என்னும் ஒற்றை எண்ணைவிட, உடையின் அடியில் புலப்படாமை, உராய்வின்மை, வெளியே எறிவதில் உள்ள எளிமை ஆகியவை பெண்களுக்கு முதன்மையாக இருந்தன. பயன்படுத்துவோரைக் கேட்டு ஒரு பொருளை வடிவமைப்பது அக்காலத்தில் அரிது. மாதவிடாய் பற்றிக் கேட்பது அதனினும் அரிது. ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டில் வடிவமைப்பின் மையம் கேள்வித்தாளை விட்டு வேதியியல் கூடத்துக்கு நகர்ந்தது.

அந்த நகர்வின் திருப்புமுனை நாப்கினுக்காக நிகழ்ந்ததே அன்று. இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரிலுள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வுக்கூடம் மக்காச்சோள மாவுப்பொருளுக்குப் புதுப் பயன் தேடிக்கொண்டிருந்தது. மாவுப்பொருளோடு செயற்கைப் பாலிமரை ஒட்டுக்கட்டியபோது, தன் எடையைப்போல் பல நூறு மடங்கு தண்ணீரை இழுத்துக் கூழாகும் பொருள் கிடைத்தது. மண்ணில் ஈரத்தைத் தக்கவைப்பதும் விதைகளுக்கு மேற்பூச்சு இடுவதும் அதற்கு எண்ணப்பட்ட பயன்கள். 1970களின் இறுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் இவ்வகைப் பாலிமரை நாப்கினுக்குள் வைத்தன. 1980களில் அது குழந்தைகளின் டயப்பரை மெலிந்த பொருளாக மாற்றியது. மரக்கூழின் தடித்த மெத்தை போய், சிறிதளவு வெண்தூள் பரப்பிய மெல்லிய பட்டை வந்தது.

அந்தத் தூள் வேலைசெய்யும் முறையைச் சற்று விரித்துக் காண்பது பயனுடையது. பாலிமர்ச் சங்கிலிகளில் சோடியம் அயனிகள் தொற்றியிருக்கின்றன. வெளியே உள்ளது தூய நீராயின், அயனிச் செறிவின் வேறுபாட்டால் நீர் உள்ளே பாய்கிறது. வலைப்பின்னல் விரிந்து கூழ்மணி ஆகிறது. வெளியே உள்ள நீரிலேயே உப்பு கரைந்திருந்தால் அந்த இழுவிசை குன்றுகிறது. தூய நீரில் பல நூறு மடங்கு வீங்கும் பொருள் உப்புக்கரைசலில் சில பத்து மடங்கே வீங்கும். சிறுநீர் உப்புக் கரைந்த நீர்தான். ஆகவே பாலிமரின் திறனை உலகெங்கும் 0.9 விழுக்காட்டு உப்புக்கரைசலில் அளக்கும் வழக்கம் டயப்பரைப் பொறுத்தவரை நியாயமானது.

மாதவிடாய்த் திரவம் அப்படியன்று. அதில் ஏறத்தாழ பாதியோ அதற்கும் குறைவோதான் இரத்தம். எஞ்சியவை கருப்பை உட்படலத்தின் திசுத் துணுக்குகள், சளி, பிற சுரப்புகள். அது பிசுபிசுப்பானது, ஒரே பெண்ணிடத்திலும் நாளுக்கு நாள் மாறுவது. சிவப்பணு பாலிமர் வலைக்குள் நுழையும் அளவினதன்று. வலை நீரை மட்டும் இழுத்துக்கொள்ள, அணுக்களும் புரதங்களும் கூழ்மணியின் புறத்தே படிந்து பின்வரும் திரவத்துக்கு வழியடைக்கின்றன. தண்ணீரில் அபாரமாகத் தேறும் நாப்கின், உள்ளே இடம் மிஞ்சியிருக்கும்போதே ஓரத்தில் கசிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவையின் அரசியல் முதன்முதலில் வெளிப்படையாக வெடித்தது டேம்பானில். புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் ‘ரிலை’ என்னும் டேம்பான், பாலியெஸ்டர் நுரையும் கார்பாக்சிமெதில் செல்லுலோசும் கொண்டு மிகுந்த உறிஞ்சுதிறனோடு வடிவமைக்கப்பட்டது. நச்சு அதிர்ச்சி நோய்க்கும் டேம்பான் பயன்பாட்டுக்கும் உள்ள தொடர்பு தெரியவந்ததும் 1980 செப்டம்பரில் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு அமெரிக்காவில் மாதவிடாயோடு தொடர்புடைய இந்நோய் 800க்கும் மேற்பட்டோரிடம் பதிவானது. 38 பேர் இறந்தனர். உறிஞ்சுதிறன் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது என்பது தெளிவானபின், எந்த டேம்பான் எவ்வளவு உறிஞ்சும் என்று பெட்டியின்மேல் அச்சிட வேண்டிய தேவை எழுந்தது. ஒரு நிறுவனத்தின் ‘ரெகுலர்’ மற்றொன்றின் ‘சூப்பரை’விட மிகுதியாக உறிஞ்சிய காலம் அது.

அளக்கும் கருவி இருந்தது. ‘சின்ஜைனா’ எனப்பட்ட அக்கருவியில் கண்ணாடிக் குழாய்க்குள் பொருத்திய மெல்லிய உறைக்குள் டேம்பானை வைத்து, அழுத்தத்தின்கீழ், மணிக்கு 50 மி.லி. வீதம் திரவத்தைச் செலுத்துவர். இந்திய விதியின் வேகம் இதைப்போல் 18 மடங்கு! எத்திரவத்தைச் செலுத்துவது என்பதில் தொழில்துறையும் பெண்கள் உடல்நல இயக்கத்தினரும் ஒரே குழுவில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். பாஸ்டன் பெண்கள் உடல்நல நூல் குழுவின் எஸ்தர் ரோம், உடலை ஒத்த சோதனை வேண்டும் என்று நின்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நான்சி ரீம் ஹெப்பரின் சேர்த்த இரத்தத்தைக் கொண்டே சோதித்துக் காட்டினார். 1989இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விதியை இறுதி செய்தபோது உப்புக்கரைசலே நிலைத்தது. 6 கிராமுக்குக் கீழ் ‘ஜூனியர்’, 6 முதல் 9 வரை ‘ரெகுலர்’, 9 முதல் 12 வரை ‘சூப்பர்’ என்ற பிரிவுகள் அக்கரைசலின் எடையைக் குறிப்பவை. தோல்வி முழுமையானதன்று: பெட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட இயன்றது, இயன்றவரை குறைந்த உறிஞ்சுதிறனைத் தேர்ந்தெடுக்கும் வழி பிறந்தது.

உப்புக்கரைசலுக்கும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. எந்த ஊரில் எவர் கலக்கினாலும் அது ஒன்றே. இரத்தமோ ஆட்டுக்கு ஆடு வேறுபடும், நேரத்துக்கு நேரம் கெடும், கையாளுவோருக்குத் தொற்று அபாயம் தரும். தவிர, உறையாமல் தடுத்த ஆட்டு இரத்தமும் மாதவிடாய்த் திரவம் அன்று. ஒப்பீட்டுக்கு உதவும் அளவையும் உண்மையைச் சொல்லும் அளவையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சிக்கல், முன்னது பின்னதாகப் படிக்கப்படும்போது தொடங்குகிறது. தொலைக்காட்சி விளம்பரங்களில் பல்லாண்டுகள் ஓடிய நீலத் திரவத்தைக் கூச்சத்தின் விளைவு என்று மட்டும் சொல்வது வழக்கம். சோதனைக் கூடத்தின் வண்ண நீரோடு அதற்குள்ள உறவையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

ஐ.எஸ். 5405இன் ‘அல்லது’வில் இரண்டாம் வழியைத் தேர்ந்தவர் ஒருவர் உண்டு. அவர் எந்தத் தரச்சோதனைக் கூடத்தையும் சேர்ந்தவரல்லர். கோயம்புத்தூரின் அருணாசலம் முருகானந்தம் 1990களின் இறுதியில் மலிவான நாப்கின் செய்ய முனைந்தபோது, கால்பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பி, உறையாமலிருக்க மருந்து கலந்து, அதை உடலில் கட்டிக்கொண்டு நடந்தும் மிதிவண்டி ஓட்டியும் பார்த்ததை அவரே பலமுறை விவரித்திருக்கிறார். ஊர் அவரைப் பித்தன் என்றது. சோதனை முறையியல் என்ற கோணத்தில் நோக்கினால் அவர் செய்தவை மூன்று: இரத்தத்தைப் பயன்படுத்தினார், மெதுவாகச் செலுத்தினார், அசையும் உடலில் வைத்துப் பார்த்தார். மேசைமேல் கிடக்கும் நாப்கினுக்குத் தரவரையறை விதித்த சோதனையில் மூன்றாவது இல்லை. அவருடைய முதல் நாப்கின்கள் பருத்தியால் ஆனவை, அவை தேறவில்லை. பெருநிறுவனங்களின் நாப்கினுக்குள் இருப்பது பஞ்சன்று, பைன் மரத்தின் செல்லுலோஸ் இழை என்று கண்டறிய அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. செல்லுகாட்டன் சந்தைக்கு வந்து அப்போது முக்கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

திரவத்தைப் பற்றிய இந்த வாதம் சோதனைக் கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை. அது மருத்துவரின் அறைக்கும் வந்து சேர்கிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஹால்பர்க் குழுவினர் நடத்தி 1966இல் வெளியிட்ட ஆய்வின் வழியே, சுற்றுக்கு 80 மி.லி.க்கு மேற்பட்ட இரத்த இழப்பு மிகை என்ற எல்லை நிலைபெற்றது. அதற்கு மேல் இரத்தசோகை வாய்ப்பு கூடுகிறது. அவர்கள் பயன்படுத்திய நாப்கின்களைத் திரட்டி, அவற்றிலிருந்து இரத்தத்தைப் பிரித்து அளந்தனர். எந்த மருத்துவமனைக்கும் அன்றாடம் அது இயலாது. ஆகவே 1990இல் பட அட்டவணை ஒன்று வந்தது: இலேசாக நனைந்த நாப்கினுக்கு 1 புள்ளி, மிதமாக நனைந்ததற்கு 5, முழுதும் நனைந்ததற்கு 20, கூட்டுத்தொகை 100ஐத் தாண்டினால் மிகை உதிரப்போக்கு. அவ்வட்டவணை அன்றைய குறிப்பிட்ட வகை நாப்கின்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. அதன்பின் நாப்கினின் உள்ளடக்கமே மாறிவிட்டது. ஆனால் ‘ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாற்றுகிறீர்கள்’ என்ற கேள்வி மாறவில்லை.

2023இல் அமெரிக்காவின் ஆரிகன் ஆய்வாளர்கள் 21 மாதவிடாய்ப் பொருள்களில், இரத்த வங்கியில் காலாவதியான சிவப்பணுத் தொகுப்பைக் கொண்டு, உண்மையில் எவ்வளவு கொள்ளும் என்று அளந்தனர். உற்பத்தியாளர் கூற்றுக்கும் கண்ட அளவுக்கும் பல இடங்களில் பொருத்தமில்லை. மாதவிடாய் உள்ளாடை 2 மி.லி. அளவே தாங்கியது, உள்ளே வைக்கும் வட்டு ஒன்று 60 மி.லி.க்கும் மேல் கொண்டது. நாப்கின்களைத் தண்ணீரிலோ உப்புக்கரைசலிலோ அளந்து வந்த ஒரு நூற்றாண்டில் இத்தகைய ஒப்பீடு இவ்வளவு தாமதமாக வந்தது. 2019–21இன் தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அதற்கு உணவு முதல் அடுத்தடுத்த மகப்பேறு வரை காரணங்கள் பல. மிகை உதிரப்போக்கின் பங்கு எவ்வளவு என்று கணிக்க முனையும் மருத்துவர் இன்றும் நாப்கின்களையே எண்ணுகிறார்.