குருகங்கையும் தோட்டத்து நீர்ச்சக்கரமும்

கொழும்பிலிருந்து செல்லும் பெருவீதியில், இரத்தினபுரியை அடையுமுன் வருவது குருவிட்ட. சிவனொளிபாதமலைச் சாரலிற் பிறந்து களுகங்கையிற் கலக்கும் குருகங்கை அதன் அயலே ஓடுகின்றது. எரத்தனை வழியாக மலையேறும் அடியார் அதன் இரைச்சலைக் கேட்டவாறே செல்வர். அவ்வாறு பாய்ந்து விழும் நீரே ஒரு காலத்தில் மலையகத் தோட்டங்களின் யந்திரங்களை இயக்கியது.

நீரின் விசையாற் கல்லைச் சுழற்றித் தானியம் அரைக்கும் முறையை உரோமானியராகிய விட்ருவியஸ் கி.மு. முதலாம் நூற்றாண்டில் விவரித்துள்ளார். இமயச் சாரல்களில் அத்தகைய திரிகைகள் இன்றும் சுழல்கின்றன. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணத்திலோ செக்கை எருதும் திரிகையைப் பெண்ணின் கையுமே சுற்றின.

இலங்கைத் தோட்டங்களில் நீர்ச்சக்கரம் முதலிற் கோப்பிப் பழத்தின் தோலகற்றும் யந்திரத்தைச் சுழற்றியது. 1869 இற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. சக்கரமோ தேயிலைக்கு மாறிக்கொண்டது. மேட்டில் ஆற்றை மறித்து ஓர் அணை. அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டி, மிகச் சிறிய சாய்வுடன் வரும் வாய்க்கால். அதன் முடிவிற் சக்கரம். சக்கரத்தின் விளிம்பிலுள்ள பெட்டிகளில் நீர் நிறைய, அதன் பாரமே சக்கரத்தைக் கீழ்நோக்கி இழுக்கும். அச்சிலிருந்து நீண்ட தண்டும் தோற்பட்டிகளும் அவ்விசையை ‘ஸ்டோர்’ எங்கும் கொண்டுசெல்லும். ஆறு வற்றினால் உருட்டும் யந்திரம் நிற்கும்; வாடிய கொழுந்தோ காத்திராது. ஆகவே ஸ்டோர் எங்கே அமைய வேண்டுமென்பதைத் துரையைக் காட்டிலும் ஆறே தீர்மானித்தது எனலாம். பின்னர், 1880 இல் காப்புரிமை பெற்ற பெல்டன் சக்கரமும் பிற சுழலிகளும் பழைய சக்கரத்தின் இடத்தைப் பிடித்தன.

யந்திரத்தைச் செய்தோரின் பெயரை வார்ப்பிரும்பிற் பொறிப்பது வழக்கம். வாய்க்காலை வெட்டிய, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் பெயரை எவரும் எங்கும் பொறிக்கவில்லை. சாய்வு சற்றுக் கூடினாற் கரை அரிபடும். குறைந்தால் நீர் தேங்கும். இத்தகைய நுண்மையான வேலையை மண்வெட்டியாலும் அலவாங்காலும் செய்து முடித்தவர்களைச் சரித்திரம் வெறுங் கூலிகள் என்று எழுதியது நீதியன்று. அந்நீர் பின்னர் மின்சாரத்தைத் தந்தபோதும் ஒளி ஸ்டோருக்கும் பங்களாவுக்குமே எட்டியது. லயங்கள் பல நெடுங்காலம் குப்பிவிளக்கிலேயே இருந்தன.

நீரிலிருந்து நாடு முழுவதற்கும் மின்சாரம் பெறலாமென்று விமலசுரேந்திரா 1918 இல் எடுத்துரைத்தார். 1950 இல் லக்சபானை நிலையம் இயங்கத் தொடங்கியது. பொதுமின்சாரம் வந்தபின் தோட்டங்கள் பல தம் சுழலிகளைக் கைவிட்டன, வாய்க்கால்கள் தூர்ந்தன. 2004 இற் குருகங்கையிலேயே 10 மெகாவாட் வலுவுள்ள எரத்தனை மின்நிலையம் எழுந்தது. அணை, வாய்க்கால், குழாய், சுழலி என்பனவே அங்கும் உள்ளன.

பழைய வாய்க்கால்களின் பாதையை அளந்து குறித்துவைத்தல் தோட்டப்புறப் பாடசாலை மாணவர்க்கு ஏற்ற வேலையாகும். காடு மூடியபின் அவற்றைக் காண்பது அரிது. இன்றோ வழிகாட்டவல்ல முதியோர் சிலர் லயங்களில் இருக்கின்றனர்.