பட்டனை அழுத்தப் போறவர்கிட்ட கேட்டீங்களா?

1) 1992 அக்டோபர் 26, திங்கட்கிழமை. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை ஒரு புது மென்பொருளுக்கு மாறியது. அடுத்த நாள் மதியமே பாதி பழைய முறைக்குத் திரும்ப வேண்டியதாயிடுச்சு. ஏன்னு பார்ப்போம்.

2) அதுவரை எல்லாமே காகிதம். அழைப்பை எடுப்பவர் படிவத்தில் எழுதுவார். அது கன்வேயர் பெல்ட்டில் போகும். ஏரியா தெரிந்த ஊழியர் எந்த வண்டியை அனுப்பலாம்னு முடிவு பண்ணுவார். மெதுவான முறைதான். ஆனா தடுமாறினா சமாளிக்க ஒரு ஆள் நடுவுல இருந்தார்.

3) புது முறையில் வண்டியைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கும். அதுக்கு ஒவ்வொரு வண்டியும் எங்க இருக்கு, காலியா இல்லையான்னு எப்பவும் சரியா தெரியணும். அதாவது குழுவினர் ஒவ்வொரு கட்டத்திலும் உரிய பட்டனை வரிசை மாறாம அழுத்தணும்.

4) நீங்களே யோசிங்க. மூச்சுத் திணறும் நோயாளியைத் தூக்கிட்டு ஓடுறவருக்குப் பட்டன் ஞாபகம் இருக்குமா? ரேடியோ சிக்னல் கிடைக்காத தெருக்கள் வேற.

5) தப்பான தகவல் உள்ள போச்சு. ஒரே இடத்துக்கு ரெண்டு வண்டி போச்சு. பக்கத்துல வண்டி இருக்க, தூரத்து வண்டி கிளம்புச்சு. காத்திருந்தவங்க மறுபடி மறுபடி போன் பண்ணாங்க. எச்சரிக்கைச் செய்திகள் குவிஞ்சு, முக்கியமானவை திரையை விட்டே நகர்ந்து போச்சு.

6) நவம்பர் 4 அதிகாலை, சிஸ்டம் மொத்தமா நின்றது. புரோகிராமர் நீக்காம விட்ட ஒரு சின்னத் துண்டு கோட், சர்வரின் நினைவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடுச்சு. மறுபடியும் காகிதம்.

7) 1993 பிப்ரவரியில் விசாரணை அறிக்கை வந்தது. கோட் பிழை மட்டும் காரணம் இல்லை என்றது. தேவைகளை எழுதிய கட்டத்தில் ஆம்புலன்ஸ் குழுவினரின் பங்கு மிகக் குறைவு. பயிற்சியும் சோதனையும் போதவில்லை. நிர்வாகத்துக்கும் ஊழியர்களுக்கும் நம்பிக்கையே இல்லை.

8) அடுத்த சிஸ்டம் 1996இல் வந்தது. இந்த முறை ஊழியர்களைக் கூட வெச்சுக்கிட்டு, படிப்படியா கட்டினாங்க. அது நின்னுச்சு.

9) ஒரு ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் வாங்கணும்னா, டீன் அறையில் மட்டும் பேசினா போதாது. ஓபி சீட்டு போடுறவர், நைட் டூட்டி ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீஷியன், பார்மசிஸ்ட் எல்லாரையும் கேட்கணும். கையெழுத்து போட்ட பிறகு இல்ல, முதல் பக்கம் எழுதும்போதே. "நெட் போயிட்டா என்ன செய்வீங்க? கூட்டம் நெரிஞ்சா எதை விட்டுடுவீங்க?" இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் அவங்ககிட்டதான் இருக்கு.

உங்க ஆபீஸ்லயும் புது சாஃப்ட்வேர் வருதா? இதைக் கேட்டுப் பாருங்க.