விடுமுறை இழந்த பூசம்



2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, தைப்பூச நாள். என் நான்காம் வகுப்புத் தமிழ்ப் பாடவேளையில் ஐந்து இருக்கைகள் வெறுமையாக இருந்தன. வந்திருந்த மாணவர்களுள் ஒருவன் மேசைமீது தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் தந்தையின் காவடியோடு டேங்க் ரோடு வரை நடந்து, வீடு திரும்பிக் குளித்து, சீருடை அணிந்து பள்ளிக்கு வந்திருக்கிறான். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. மணி அடித்தபின் அவனே எழுந்து வந்து, "ஆசிரியர், தீபாவளிக்கு லீவு உண்டு. பூசத்துக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டான்.

"முன்பு இருந்தது" என்றேன். அவன் நம்பவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அடுத்த பாடவேளைக்குள் சொல்லி முடிக்கக்கூடிய விடையன்று அது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் தைப்பூசத்தின் கதை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடு பிணைந்தது. வட்டித் தொழில் செய்ய இங்கு வந்த அவர்கள், மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கிகளில் பெட்டியடி போட்டு அமர்ந்து தொழில் நடத்தினார்கள். முதலில் மரத்தடியில் வேல் வைத்து வழிபட்டு, பின்பு 1859-இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பினார்கள். 'செட்டியார் கோயில்' என்றால்தான் பழைய சிங்கப்பூரர்களுக்கு உடனே விளங்கும். பூசத்துக்கு முதல்நாள் முருகன் வெள்ளி ரதத்தில் ஏறி, கியோங் சைக் சாலையிலுள்ள தம் அண்ணன் லயன் சித்தி விநாயகரைக் காணச் செல்வார், மாலையில் திரும்புவார். அன்று செட்டியார்கள் காவடி எடுப்பதால் அதனைச் 'செட்டிப் பூசம்' என்பர். (லயன் என்றதும் சிங்கம் என்று எண்ணிவிட வேண்டா. அருகே சிப்பாய்கள் தங்கியிருந்த 'லைன்' என்பதன் திரிபே அச்சொல்.)

மறுநாள் பூசம் எல்லாருக்குமானது. சிராங்கூன் சாலையில், 1855-இல் தொடங்கிய சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பால்குடங்களும் காவடிகளும் புறப்படும். பெருமாள் சந்நிதியில் காவடி கட்டி முருகன் சந்நிதியில் இறக்குவது இவ்வூரின் வழக்கம். தமிழகத்திலிருந்து வரும் நண்பர்கள் இதைக் கேட்டு வியப்பதுண்டு. மாமன் வீட்டிலிருந்து மருமகன் வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிச் சிரிப்பார் என் தாத்தா.

தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1960-களில் பூசத்தன்று அவருக்கு வேலையில்லை. அந்நாளில் தைப்பூசம் பொது விடுமுறை. காலையில் சாவகாசமாக எழுந்து பால்குடம் எடுத்து, பகல் முழுவதும் டேங்க் ரோட்டில் கழித்து, இருட்டியபின் வீடு வந்த கதையை அவர் சொல்ல நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தச் சாவகாசம்தான் பின்பு போயிற்று.

1968-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு நெருக்கடியான ஆண்டு. பிரிட்டன் தன் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக அவ்வாண்டுத் தொடக்கத்தில் அறிவித்தது. படைத்தளங்களை நம்பிப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருமானம் என்னாகும் என்ற அச்சம் எழுந்தது. தொழிற்சாலைகளை ஈர்க்க வேண்டும், உற்பத்தி பெருக வேண்டும் என்ற நோக்கில் வேலைவாய்ப்புச் சட்டம் வந்ததும் அவ்வாண்டே. பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டதும் அவ்வாண்டே. ஒவ்வொரு சமயத்தாரும் சிலவற்றை விட்டுக்கொடுத்தனர். முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாள் விடுமுறையை இழந்தனர். கிறிஸ்தவர்களுக்குப் புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் எஞ்சின. இந்துக்கள் தீபாவளி, தைப்பூசம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தேர்ந்தது தீபாவளி. 1929 முதல் விடுமுறையாக இருந்த நாள் அது.

அத்தேர்வை நான் குறைகூற மாட்டேன். தீபாவளியைத் தமிழரும் வட இந்தியரும் ஒருங்கே கொண்டாடுகின்றனர். பூசமோ பெரும்பாலும் முருகனடியார்களின் விழா. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எல்லாருக்கும் பொதுவானதை வைத்துக்கொள்வதே முறை. ஆயினும், தமிழாசிரியர் என்ற நிலையில் ஒரு சிறு வருத்தம் உண்டு. திருஞானசம்பந்தர் மயிலையில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகம் அந்நகரின் திருவிழா நாட்காட்டி போன்றது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என அது வரிசையாகச் செல்கிறது. கபாலீச்சரத்துச் சிவனுக்கு எடுத்த பூசம் அது. அந்த வரிசையில் தீபாவளி இல்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே ஒரு தமிழ் நகரத்தின் நாட்காட்டியில் இடம்பெற்றிருந்த விழா, இருபதாம் நூற்றாண்டின் ஒரு நாட்காட்டியிலிருந்து இறங்கியது. சொல்லிக் காட்டுவதற்காக அன்று, பிள்ளைகள் தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

நிற்க. விடுமுறை போனபின் பூசம் தேய்ந்திருக்க வேண்டும் அல்லவா? தேயவில்லை. ஆனால் அதன் நேரம் மாறியது. இன்று முதல் பால்குடங்கள் நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. கூட்ட நெரிசல் ஒரு காரணம். காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்பதும் ஒரு காரணம் என்பேன். அதிகாலை இரண்டு மணிக்கு ஹேஸ்டிங்ஸ் சாலை முனையில் நின்று பார்த்தால் விளங்கும்: பால்குடத்தைச் செலுத்திவிட்டு நேரே அலுவலகம் செல்வதற்காக, உடன்வரும் தங்கையின் பையில் மடித்து வைத்த சட்டை, பாதுகாவலர் சீருடை, தாதியர் அடையாள அட்டை. ஆண்டு விடுப்பு எடுக்க முடிந்தவர் பகலில் நடக்கிறார். முடியாதவர் இரவில் நடக்கிறார். விடுமுறையின் விலையை யார் செலுத்துகிறார் என்பது அந்த நேரத்தில்தான் தெரியும்.

இசையும் இடையில் போயிற்று. 1964-இல் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட இனக்கலவரத்துக்குப் பிறகு, சமய ஊர்வலங்கள் கால்நடையாகச் செல்வதை அரசு கட்டுப்படுத்தியது. தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்றுக்கும் விலக்களித்தது. இதை நாம் மறந்துவிடலாகாது. பிற சமயத்தார்க்குக் கிட்டாத சலுகை அது. ஆனால் கூட்டத்தாருக்குள் போட்டியும் சண்டையும் மூண்டதால், 1973-இல் ஊர்வல வழியில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. 1980-களில் சிறுபிள்ளையாக நான் நடந்தபோது உறுமியில்லை, தவிலில்லை. கைதட்டலும் 'வேல் வேல்' முழக்கமும் மட்டுமே. அதுவே பூசத்தின் ஓசை என்று எண்ணி வளர்ந்தேன். 2015-ஆம் ஆண்டுப் பூசத்தன்று மேளம் வாசிப்பதை ஒட்டிச் சிராங்கூன் சாலையில் எழுந்த கைகலப்பில் மூவர் கைதாயினர். அடுத்த ஆண்டு, ஹேஸ்டிங்ஸ் சாலை, ஷார்ட் ஸ்திரீட், டோபி காட் ஆகிய மூன்றிடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. உறுமிச் சத்தம் கேட்டதும் என் அம்மா நடையை நிறுத்தி அழுதார்.

விடுமுறையை மீட்டுத் தர வேண்டும் என்ற குரலும் 2015-இல் வலுத்தது. இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டனர். ஒரு சமயத்துக்குக் கூட்டினால் மற்றவர்களும் கேட்பார்கள், சமநிலை குலையும் என்பது அரசின் விடை. பொது விடுமுறைகள் இன்றும் 11-தான். அந்த விடையில் நியாயம் உண்டு. நபிகள் பிறந்தநாளை விட்டுக்கொடுத்த அண்டைவீட்டாரை வைத்துக்கொண்டு நாம் மட்டும் கேட்பது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆயினும் சுற்றிலும் பார்க்கும்போது வேடிக்கையாக இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் ஜொகூரில் விடுமுறை. பினாங்கு, பேராக், சிலாங்கூரிலும் உண்டு. கோலாலம்பூருக்கு 2008-இல் கிடைத்தது. பழனியைத் தன்னகத்தே கொண்ட தமிழ்நாடு 2021-இல்தான் பூசத்தைப் பொது விடுமுறையாக்கியது. நாம் இழந்து அரைநூற்றாண்டுக்கும் மேலான பிறகு!

அதே 2021-இல் இங்கே கிருமித்தொற்றின் காரணமாக நடைப்பயணமே இல்லை. முன்பதிவு செய்தவர்கள், கோயிலில் ஆயத்தமாக வைத்திருந்த பால்குடத்தை ஏந்திச் செலுத்தினர். 2022-இலும் அவ்வாறே. 2023 பிப்ரவரி 5 அன்று மீண்டும் சாலையில் நடந்தபோது, விடுமுறையைப் பற்றி என்னோடு வந்த எவரும் பேசவில்லை. நடக்க முடிந்ததே போதும் என்றிருந்தது.

அந்தச் சிறுவனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. தாத்தா கதையையும் 1968-ஐயும் மட்டும் சொன்னேன். "அப்போ ஓட்டுப் போட்டாங்களா?" என்றான். "இல்லை, பெரியவர்களைக் கலந்து பேசி முடிவு செய்தார்கள்" என்றேன். "சின்னப் பிள்ளைகளைக் கேட்கலையா?" என்றான்.

மறுநாள் ஐந்து பிள்ளைகளும் பெற்றோர் கடிதத்தோடு வந்தனர். மூன்றில் 'தைப்பூசம்' என்று நேராக எழுதியிருந்தது. ஒன்றில் 'குடும்ப நிகழ்ச்சி'. ஐந்தாவதில் 'காய்ச்சல்'. அக்கடிதத்தை நீட்டிய பையன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் முன் நின்றான். காய்ச்சல் தேவலையா என்று கேட்டேன். "தேவலை, ஆசிரியர்" என்றான். கடிதத்தைக் கோப்பில் வைத்தேன்.